கல்லில் உரித்த நார்

நடக்காத காரியத்தைச் சொல்ல வேண்டுமானால், "கல்லிலே நார் உரிக்கிற மாதிரி" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கஞ்சப் பிரபுவிடம் கோயில் கைங்கரியத்துக்கு நன்கொடை கேட்கப் போனவர், வெறுங்கையுடன் திரும்பி வந்து சொல்வது இதைத்தான். ஆனால் கல்லிலே நிஜமாகவே நார் உரிக்கலாம் என்று சொன்னால் நம்புவீர்களா?

உரிக்கலாம். பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் ஒருவகைக் கல் இருக்கிறது. அதை உடைத்துத் தட்டினால் பஞ்சு பஞ்சாகப் பிரியும். அந்தப் பஞ்சை நூலாக நூற்கலாம். நூலைத் துணியாக நெய்யலாம். நெய்த துணியைக் கணகணவென்று எரியும் தணலில் போட்டாலும் அது பொசுங்காது. தமிழில் இதற்குக் கல்நார் என்று பெயர். ஊர் உலகத்தில் வழங்கும் பெயர் ஆஸ்பெஸ்டாஸ். கிரேக்க மொழியில் அதற்கு 'அணைக்க முடியாதது' என்று அர்த்தம். ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் சக்கரவர்த்தி, விருந்து முடிந்ததும் மேஜை விரிப்பைத் தூக்கித் தீயில் வீசுவாராம். அழுக்கு மட்டும் எரிந்துபோய், விரிப்பு வெள்ளை வெளேரென்று வெளியே வருமாம். சலவைக் கூலி மிச்சம்!

"ஆஸ்பெஸ்டாஸா? எங்கள் மொட்டை மாடியில் போட்டிருக்கிறோமே, அந்த ஷீட்டுத்தானே?" என்கிறீர்களா? அதேதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்களைக் கப்பலுக்கு அழைத்துப் போகிறேன். ஏனென்றால், கல்நார் மனிதர்களுக்குச் செய்த மிகப் பெரிய துரோகங்களில் ஒன்று நடந்தது போர்க்கப்பல்களில்தான்.

கப்பலுக்குச் சட்டை

அந்தக் காலத்துப் போர்க்கப்பல் என்பது மிதக்கும் நீராவி யந்திரம். அடித்தளத்தில் பிரம்மாண்டமான கொதிகலன்கள். அங்கிருந்து கப்பல் முழுவதும் நரம்புகளைப் போல ஓடும் குழாய்கள். தொட்டால் தோல் உரிந்துவிடும் சூடு. இவற்றுக்கெல்லாம் ஒரு சட்டை போட்டாக வேண்டும். அது சூட்டை வெளியே விடக்கூடாது, தீப்பிடிக்கவும் கூடாது, விலையும் மலிவாக இருக்க வேண்டும். கல்நாரை விட்டால் வேறு எது இருந்தது? நடுக்கடலில் நெருப்பை விட மாலுமிக்குப் பெரிய சத்துரு ஏது? ஆகவே பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளின் கடற்படைகள் கல்நாரை இரு கை நீட்டி வரவேற்றன. உயிரைக் காக்கும் என்று நம்பித்தான் போட்டார்கள்.

நம் நாட்டுக் கடற்படைக்கு அந்த நாளில் வந்த பெரிய கப்பல்கள் எல்லாம் பிரிட்டனில் கட்டியவை. 1939ஆம் வருஷம் 'கிராஃப் ஸ்பீ' என்ற ஜெர்மானியக் கப்பலை மடக்கிப் புகழ்பெற்ற 'அகிலிஸ்', 1948ல் நம்மிடம் வந்து 'டெல்லி' ஆயிற்று. 'நைஜீரியா' என்ற கப்பல் 1957ல் 'மைசூர்' ஆயிற்று. 1943ல் கட்டத் தொடங்கிய 'ஹெர்குலிஸ்', 1961ல் நமது முதல் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்' ஆயிற்று. 'ஹெர்மிஸ்' 1987ல் 'விராட்' ஆகி, 2017 வரையில் சேவை செய்தது. நீராவியில் ஓடிய அந்தத் தலைமுறைப் பிரிட்டிஷ் கப்பல்களில் குழாய்களுக்குக் கல்நார் உறை போடுவதே வழக்கம்.

இந்தக் கப்பல்களில் வேலை செய்தவர்கள் யார்? வேறு யாரும் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள்தான். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு கடற்படையில் சேர்ந்து, லோனாவ்லாவில் உள்ள 'சிவாஜி' பயிற்சித் தளத்தில் யந்திரப் பயிற்சி பெற்று, பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறியவர்கள். 1971 யுத்தத்தில் 'விக்ராந்'தின் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. ஆனாலும் கப்பல் வங்காள விரிகுடாவில் நின்று போரிட்டது. மேல்தளத்தில் விமானங்கள் பறந்ததை ஊரே கொண்டாடியது. கீழே, வெந்து புழுங்கும் அறையில் அந்தக் கொதிகலன்களைக் கண்ணை இமை காப்பது போல் காத்தவர்களைப் பற்றி யார் பேசினார்கள்?

சென்னைத் துறைமுகத்துக்கு அருகே உள்ள கடற்படைத் தளத்துக்கே 'ஐ.என்.எஸ். அடையாறு' என்றுதான் பெயர். மயிலாப்பூரிலும், தி. நகரிலும், அடையாறு காந்தி நகரிலும், காலையில் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் நடைபோடும் பெரியவர்களில் சிலர் அந்த நாள் கப்பல்காரர்கள். உங்கள் தகப்பனாராகவோ, மாமனாராகவோ, மாடிவீட்டுத் தாத்தாவாகவோகூட அவர் இருக்கலாம். இந்தக் கட்டுரை அவருக்காகவும், அவருடைய துணிகளைத் துவைத்த அம்மாளுக்காகவும்தான்.

முப்பது வருஷம் தூங்கும் தூசி

கல்நார் கெட்டியாக, உடையாமல் இருக்கும் வரையில் பரம சாது. அதை அறுத்தால், உடைத்தால், உரித்தால் வந்தது வினை. மற்ற நார்கள் குறுக்கே ஒடியும். இது நெடுக்கே பிளந்து கொண்டே போகும். பிளக்கப் பிளக்க மேலும் மேலும் மெல்லியதாகும். தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லிய ஊசிகளாகிக் காற்றில் மிதக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தும்மலும் வராது.

மூச்சோடு உள்ளே போன இந்த ஊசிகளில் சில, நுரையீரலின் அடி ஆழம் வரை சென்று குத்திக் கொள்கின்றன. நம் உடம்பில் காவல்காரச் செல்கள் உண்டு. தூசியோ கிருமியோ வந்தால் விழுங்கிக் கரைத்துவிடும். ஆனால் கல்லை எப்படிக் கரைப்பது? விழுங்கப் போன காவல்காரன்தான் செத்து விழுகிறான். அந்த இடம் புண்ணாகி, ஆறித் தழும்பாகிறது. தழும்பு மேல் தழும்பு விழுந்து, பஞ்சு போல் விரிய வேண்டிய நுரையீரல் தோல் செருப்புப் போல் விறைத்துப் போகிறது. இதற்கு 'ஆஸ்பெஸ்டோஸிஸ்' என்று பெயர். சிலருக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது. வேறு சிலருக்கு, நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்விலே 'மீஸோதெலியோமா' என்ற கொடிய புற்றுநோய் வருகிறது. இந்தப் பிந்திய நோய்க்குக் கல்நாரே தலையாய காரணம்.

இதில் மிகப் பெரிய மோசம் என்ன தெரியுமா? இந்த நோய்கள் உடனே வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது வருஷங்கள் கழித்தும் வருகின்றன. இருபது வயதில் சுவாசித்த தூசி, அறுபதில் வந்து கதவைத் தட்டுகிறது. அதற்குள் கப்பல் உடைந்து பழைய இரும்பாகிவிட்டது. அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். மனிதருக்கே அந்தக் குழாயும் உறையும் மறந்து போய்விட்டன. குற்றவாளி யார் என்று யார் கண்டுபிடிப்பது?

தெரிந்தும் தாமதித்தார்கள்

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண், கல்நார் ஆலை ஒன்றில் நூல் நூற்று வந்தார். மூச்சு முட்டி, வேலையை விட்டு நின்று, 1924ஆம் வருஷம் தமது 33வது வயதில் இறந்து போனார். டாக்டர் குக் என்பவர் அவருடைய நுரையீரலைச் சோதித்து, உள்ளே கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு ஆலை ஒரு செப்புக் காசு கூடக் கொடுக்கவில்லை.

1930ல் பிரிட்டிஷ் சர்க்காரே ஒரு விசாரணை நடத்திற்று. கல்நார் ஆலைகளில் 363 தொழிலாளிகளைப் பரிசோதித்ததில் நால்வரில் ஒருவருக்கு நோய் இருந்தது. மறு வருஷம் சட்டமும் வந்தது. ஆனால் அது ஆலைகளுக்கு வந்த சட்டம். கப்பலில் உறை போட்டவர்களும், உறை உரித்தவர்களும், அந்தக் குழாய்களுக்கு அடியிலேயே படுத்து உறங்கிய மாலுமிகளும் பெரும்பாலும் அதன் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள். பின்னால் இரண்டாவது உலக யுத்தம் வந்தது. இரவு பகலாகக் கப்பல்கள் கட்டினார்கள். சுவாசித்த தூசிக்குக் கணக்கு வைக்க யாருக்கு நேரம்?

முப்பது வருஷம் கழித்துக் கணக்கு வந்தது. 1960ல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் வாக்னரும் அவருடைய தோழர்களும், 33 மீஸோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அநேகமாக எல்லோருமே கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு சம்பந்தப்பட்டவர்கள். 1964ல் அமெரிக்க டாக்டர் ஸெலிகாஃப், குழாய்களுக்கு உறை போடும் தொழிலாளிகளிடையே நுரையீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருப்பதை எடுத்துக் காட்டினார்.

இந்த நோய் பதவி பார்ப்பதில்லை. அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக 1970 முதல் 1974 வரை இருந்தவர் அட்மிரல் எல்மோ ஜும்வால்ட். ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்கு உத்தரவிட்ட அவரும் 2000மாவது வருஷ ஜனவரியில் மீஸோதெலியோமாவால்தான் இறந்தார். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மக்வீன் 1980ல் இதே நோய்க்குப் பலியானார். இளமையில் மரீன் படையில் இருந்தபோது கப்பல் குழாய்களின் உறையை உரித்த ஞாபகம் அவருக்கு இருந்தது.

பிரிட்டனில் இன்னொரு வேடிக்கை. வேடிக்கை என்றா சொல்வது? கப்பல் பட்டறையில் வேலை செய்த தொழிலாளி நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். அதே தூசியைச் சுவாசித்த கடற்படை வீரர் போட முடியாது! 1947ஆம் வருஷச் சட்டம் அப்படி. 1987ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் திருத்தம் பழைய காலத்துக்குப் பொருந்தாது என்றார்கள். கிழவர்கள் பல வருஷம் போராடிய பிறகுதான், மீஸோதெலியோமா கண்ட முன்னாள் வீரர்களுக்கு 1,40,000 பவுன் மொத்தமாகக் கொடுக்கும் ஏற்பாடு 2016ல் அமலுக்கு வந்தது.

துணி துவைத்த கைகள்

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

1965ல் லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஒரே ஆஸ்பத்திரியில் மீஸோதெலியோமா கண்ட 76 பேருடைய பூர்வோத்தரங்களை விசாரித்தார்கள். பலர் கல்நார் வேலை செய்தவர்கள். அதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்பது பேர் அந்த வேலைக்குப் பக்கத்தில் கூடப் போகாதவர்கள். அவர்களுடைய வீட்டில் யாரோ ஒருவர் அந்த வேலை செய்தார், அவ்வளவுதான். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் பெண்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? புருஷன் வேலையிலிருந்து திரும்பியதும், அவன் சட்டையை உதறித் துவைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஒருவர் தினமும் சாயங்காலம் உடம்பெல்லாம் வெள்ளை பூத்து வருவாராம். மூன்று நான்கு வருஷம், மனைவி வாசலில் நிறுத்தி அவர் மேல் படிந்ததைத் தூரிகையால் தட்டிவிட்டிருக்கிறாள். மிச்சம் இருவரும் ஆண்கள். அவர்கள் எட்டு, ஒன்பது வயதுப் பையன்களாக இருந்தபோது, அவர்களுடைய அக்காமார்கள் கல்நார் ஆலைக்குப் போய் வந்தார்கள். அக்காவின் உடுப்பில் ஒட்டி வந்த தூசி, தம்பிக்குப் பல வருஷங்கள் கழித்து எமனாயிற்று.

கடற்படைக் குடியிருப்புகளில் வாழ்ந்த நம் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். டங்கரி என்னும் கனத்த வேலை உடுப்பு. ஊற வைப்பதற்கு முன் 'பட்பட்'டென்று நான்கு உதறு உதறுவதுதானே நம் வழக்கம்? கிரீஸ் கறையைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள்; கறை இல்லாத தூசியைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். தூசியைச் சுவாசித்தவர்கள் எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. அதிகம் சுவாசித்தவர்களுக்கு, அதிக காலம் சுவாசித்தவர்களுக்கு அபாயம் அதிகம். ஆகவே பீதி வேண்டாம், ஞாபகம் வேண்டும்.

கேட்கப்படாத கேள்வி

இந்தியாவில் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய அனுமதி தருவது 1986லேயே நிறுத்தப்பட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் வந்து இறங்குகிறது. பெரும்பகுதி கூரைத் தகடாகிறது. பிரிட்டன் 1999லும், ஆஸ்திரேலியா 2003ன் கடைசியிலும், ஐரோப்பிய யூனியன் நாடுகள் அனைத்தும் 2005லும் தடை செய்துவிட்ட சரக்கு இது. தடை போட்ட பிறகும் பிரிட்டனில் வருஷத்துக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் மீஸோதெலியோமாவால் இறக்கிறார்கள். பழைய கடன், வட்டியோடு வசூலாகிறது!

கப்பல் செத்த பிறகும் கல்நார் சாவதில்லை. 'கிளமான்சோ' என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை உடைப்பதற்காக 2005 டிசம்பர் 31ந் தேதி குஜராத்தில் உள்ள அலங் கடற்கரைக்கு அனுப்பினார்கள். அதற்குள் இருந்த கல்நாரைச் சொல்லி இங்கும் அங்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. பாதி வழியில், 2006 பிப்ரவரியில், பிரெஞ்சு ஜனாதிபதி ஷிராக் கப்பலைத் திருப்பி அழைத்துக் கொண்டார். அதே வருஷம் நம் சுப்ரீம் கோர்ட் நியமித்த நிபுணர் குழு அலங் தொழிலாளிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. கல்நாரைக் கையாண்டவர்களில் பரிசோதிக்கப்பட்டவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், நூற்றுக்குப் பதினாறு பேர் நுரையீரலில் நோயின் ஆரம்ப அறிகுறிகள் தெரிந்தன.

சுப்ரீம் கோர்ட் 1995 ஜனவரியிலேயே ஒரு நல்ல தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியக் குறிப்புகளை, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வு பெற்ற பின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும். நோய் உறுதியானால் ரூ. 1 லட்சம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது உத்தரவு. நாற்பது வருஷம் என்று ஏன் சொன்னார்கள் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

சட்டம் இருந்து என்ன? நோயைக் கண்டுபிடித்தால் அல்லவா நஷ்ட ஈடு! நம் ஊரில் இருமலும் இளைப்பும் என்றால் முதலில் நினைப்பது காசநோயைத்தான். இல்லாவிட்டால் ஆஸ்துமா, பீடி சிகரெட், வயோதிகம். "நீங்கள் முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்க, கூட்டம் வழியும் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அவகாசம் இருப்பதில்லை. கேட்டாலும் பெரியவர், "பென்ஷன் வாங்குகிறேன்" என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். நாற்பது வருஷத்து ரகசியம் அந்த ஒரு வார்த்தைக்குள் ஒளிந்து கொள்கிறது.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக் கூடியவை

முதலாவது: ஒரு சாயங்காலம் காப்பி கொடுத்துவிட்டு, தாத்தாவின் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எந்த வருஷம் சேர்ந்தார், எந்தக் கப்பல், யந்திர அறையா மேல்தளமா, கப்பல் பழுது பார்க்கும்போது உறை உரித்தது உண்டா என்று கேட்டு எழுதுங்கள். பழைய கதை சொல்ல அவருக்கும் ஆசைதான். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். உடல் ஊனத்துக்கான பென்ஷன் கேட்பதானால், நோய்க்கும் சேவைக்கும் உள்ள சம்பந்தத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு இந்தத் தாள்கள் உதவும்.

இரண்டாவது: மாடிப்படி ஏறினால் முன்னை விட மூச்சு வாங்குகிறதா? வறட்டு இருமல் விடாமல் இருக்கிறதா? நெஞ்சு வலியா? நெஞ்சில் நீர் கோத்துக் கொண்டதா? காசநோய் மருந்து சாப்பிட்டும் குணமில்லையா, சளியில் கிருமியே அகப்படவில்லையா? நெஞ்சு நோய் நிபுணரிடம் போய், "இவர் நீராவிக் கப்பலில் இத்தனை வருஷம் வேலை செய்தவர், கல்நார் உறைக்கு நடுவில் இருந்தவர்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயும், ஸி.டி. ஸ்கேனும், மூச்சளவுப் பரிசோதனையும் வேண்டுமா என்பதை அவர் தீர்மானிப்பார். முன்னாள் படைவீரர்களுக்கு 2003 முதல் நடந்து வரும் மருத்துவத் திட்டமான ஈ.ஸி.எச்.எஸ். இருக்கிறது. விவரத்துக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ல் நமக்குத் தந்து போன அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும் நம் ஊரிலேயே இருக்கின்றன.

மூன்றாவது: சிகரெட்டை இன்றோடு விடச் சொல்லுங்கள். 1979ல் வெளியான ஸெலிகாஃபின் கணக்கைக் கேளுங்கள். இரண்டும் இல்லாத மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஒரு பங்கு என்றால், கல்நார் மட்டும் உள்ளவருக்கு 5 பங்கு. சிகரெட் மட்டும் உள்ளவருக்கு 11 பங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 53 பங்கு! உள்ளே போன நாரை எடுக்க வழியில்லை. விரலிடுக்கில் இருக்கும் சிகரெட்டை எடுக்க வழி உண்டு.

நான்காவது: விழுந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஃப்ளூ, நிமோனியாத் தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் பிராணவாயு எல்லாம் ஆயுளுக்கு நிம்மதி தரும். புற்றுநோயை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குச் சிகிச்சைக்கு வழி அதிகம்.

ஐந்தாவது, உங்கள் மொட்டை மாடி ஷீட்டு. உடையாத ஷீட்டு அவ்வளவாகத் தொல்லை செய்யாது. அதை ரம்பத்தால் அறுப்பது, துளை போடுவது, பாசி பிடித்தது என்று கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது, சுத்தியலால் உடைப்பது ஆகியவைதாம் ஆபத்து. எடுத்தே ஆக வேண்டுமானால் நன்றாகத் தண்ணீர் விட்டு நனைத்து, முழுசு முழுசாகக் கழற்றச் சொல்லுங்கள். வேலை செய்பவருக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். அவர் வீட்டிலும் துணி துவைக்க ஒருத்தி இருக்கிறாள். புயலில் உடைந்து விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அவற்றைச் சில்லாக்கிக் குழந்தைகள் பாண்டி ஆட விடாதீர்கள். புதிதாகக் கொட்டகை போடுவதென்றால் கல்நார் கலவாத தகடுகள் கடையில் கிடைக்கின்றன.

கப்பல்காரருக்குக் கடற்படை பதக்கம் கொடுத்தது. அவருடைய உடுப்பைத் துவைத்தவளுக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த அம்மாளுக்கும் இன்று மூச்சு வாங்கினால், "உனக்கென்ன, வீட்டில்தானே இருந்தாய்!" என்று சொல்லிவிடாதீர்கள். அவளையும் சேர்த்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.